பாக்கு பார்த்தாச்சா?

போன வாரம் கார்த்திகா போனில் கூப்பிட்டாள். எங்கள் கிளைடர் மைதானத்தில் இப்போது அவள்தான் தலைமைப் பயிற்சியாளர். ஓய்வு பெற்ற அன்று என் நாற்காலியை அவளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். நான் எழுந்த பிறகு அந்த நாற்காலி கிரீச்சிடுவதை அடியோடு நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

"அண்ணே, புது கிளைடர் வந்திருச்சு. ஏர்பிரேக்கைப் பூட்ட மறந்தா அதுவே பீப் பீப்னு கத்துது."

"நான் இருந்த வரைக்கும் அந்தக் கத்துற வேலையை நான்தானே பார்த்தேன்?"

"அதான் உங்களுக்குப் பதிலா அதை வாங்கியாச்சு" என்றாள். வாயாடி. "சரி, விஷயத்தைக் கேளுங்க. கிளம்புறதுக்கு முன்னால வாய்விட்டுச் சொல்லுவோம்ல, பெல்ட்டு, பெடலு, ஏர்பிரேக்குன்னு. அதுல ஏர்பிரேக்குக்கு அடுத்தாப்ல 'பாக்கு பார்த்தாச்சா'ன்னு ஒண்ணு வருதே, அது என்னண்ணே? நீங்க சொல்லச் சொன்னீங்க, நானும் இம்புட்டு வருசமா சொல்றேன். புதுப் பசங்க சிரிக்கிறாய்ங்க. ஒருத்தன் நேத்து நெசமாவே வெத்தலை பாக்குப் பொட்டலம் வாங்கிட்டு வந்து என் கையில குடுக்குறான். கம்பெனிக்காரன் குடுத்த புத்தகத்துல பாக்கே இல்லை. எடுத்துறட்டுமா?"

"எடுத்துறாத தாயி! எழுதி அனுப்புறேன். படிச்சிட்டு நீயே முடிவு பண்ணு."

இதோ எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் கையில் பேனா வழுக்குகிறது.

முதலில், கிளைடர் தெரியாதவர்களுக்காக. எஞ்சின் இல்லாத விமானம் அது. தரையில் இருக்கும் வின்ச் என்ற எந்திரம், நம்மோடு கட்டிய கம்பியைச் சுருட்டி, பட்டம் விடுவதுபோல நம்மை மேலே ஏற்றிவிடும். கம்பியைக் கழற்றிய பிறகு நமக்கும் கடவுளுக்கும் இடையே காற்று மட்டும்தான். பெடல் இல்லாத சைக்கிளில் அழகர்கோவில் மலைச் சரிவில் இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சரிவு இருந்தால்தான் ஓடும். கிளைடருக்கு அந்தச் சரிவைக் கொடுப்பது அதன் மூக்கு. மூக்கைத் தாழ்த்தினால் வேகம், உயர்த்தினால் மந்தம். ரொம்ப உயர்த்தினால் இறக்கை தூக்குவதையே விட்டுவிடும், கல்லாக விழுவோம்.

இப்போது அந்தச் சைக்கிளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே அதே வேகத்தில் போக வேண்டும் என்றால்? இன்னும் செங்குத்தான சரிவு வேண்டும், இல்லையா? ஏர்பிரேக் அதேதான். இடது கைப்பக்கம் இருக்கும் நீல லீவரை இழுத்தால், இரண்டு இறக்கைகளின் மேலும் ஒவ்வொரு தகடு எழுந்து நிற்கும். காற்று அதில் மோதித் தடுமாறும். உடனே மூக்கைத் தாழ்த்தாவிட்டால் வேகமானியின் முள் சரியும். திரும்பத் தகட்டை மூடும்போது மூக்கை ஏற்றாவிட்டால் முள் எகிறும். இடது கை செய்யும் வம்புக்கு, மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் வலது கை உடனுக்குடன் பஞ்சாயத்து பண்ண வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடமும் ஒரு தூக்குச்சட்டி ரசமும் ஆனது.

ரசம் யாருடையது என்றால், எங்கள் தலைமைப் பயிற்சியாளர் சங்கரலிங்கம் சாருடையது. டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் மைதானம். காளவாசலில் இருந்து பஸ் பிடித்து, வாந்தியை அடக்கிக்கொண்டு போய்ச் சேருவேன். ஆமாம், பஸ்ஸில் எனக்குக் குமட்டும். வானத்தில் குமட்டாது. வேறு எந்தத் தகுதியும் எனக்கு இருந்ததாக நினைவில்லை. ஒருநாள் தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் வந்துகொண்டிருந்தபோது, உற்சாகத்தில் லீவரை முழுசாக இழுத்துவிட்டேன். இறக்கையின் தாங்கல் சட்டென்று குறைந்தது. கிளைடர் வண்ணான் துவைத்த துணிபோலத் தரையில் 'சொத்'தென்று விழுந்தது. பின் இருக்கையில் சாரின் மடியில் இருந்த தூக்குச்சட்டி திறந்துகொண்டது. சார் கத்தவில்லை. பனையோலை விசிறியால் என் பிடரியில் ஒரு தட்டு.

"தம்பி, மத்தியானச் சாப்பாட்டை மத்தியானம் குடுத்தாப் போதும்."

அந்த விசிறிதான் அவர் பாஷை. முன்னால் மாணவன், பின்னால் அவர். இடது காதில் தட்டினால் இடது பெடல் போதவில்லை. வலது காது என்றால் வலது. உச்சந்தலை என்றால் முள்ளைப் பார். எஞ்சின் சத்தம் இல்லாததால் கிளைடருக்குள் முணுமுணுத்தாலே கேட்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் தாழும், மரியாதை கூடும். 'தம்பி' என்றால் நலம். 'மிஸ்டர்' என்றால் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. 'ஐயா' என்று அவர் யாரையும் அழைத்து நாங்கள் கேட்டதில்லை. வின்ச் ஓட்டும் பாண்டி மட்டும், ஒருமுறை கேட்டிருப்பதாகவும் அன்றிரவு காய்ச்சல் வந்ததாகவும் சொல்லுவான்.

இப்போது மேலூருக்கு வருகிறேன். அங்கேதான் தமிழ்ச்செல்வி இருந்தாள். அம்மா வழிச் சொந்தம். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது என்பதைச் சொந்தக்காரர் கல்யாணத்தில் எனக்கு மட்டும் இரண்டு தரம் பாயசம் ஊற்றியதில் தெரிந்துகொண்டேன். அவள் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கல் குவாரிக்கு லாரி விடுகிறவர். பெண் கேட்டுப் போனோம்.

"மாப்ள, என்ன வேலை பாக்குறீக?"

"கிளைடர் ஓட்டக் கத்துக்கறேன் மாமா. எஞ்சின் இல்லாத விமானம்."

மாமா வாசலில் நின்ற லாரியைக் கைகாட்டினார். "எங்கிட்ட எஞ்சின் இருக்கிற லாரியே பாதி வழியில நிக்குது. எஞ்சினே இல்லாததை நம்பிப் பொண்ணைக் குடுக்கவா?" பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். "இன்னும் மாணாக்கன்தான? வாத்தியாரா ஆகிட்டு வாங்க. எதுல வாத்தியாரா இருந்தாலும் வாத்தியாரு வாத்தியாருதான். ஐப்பசி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் தையில வேற இடம் பாக்கணும்."

பயிற்சியாளர் தேர்வு வருடத்துக்கு ஒருமுறைதான். அந்த வருடத் தேர்வைச் சார் விஜயதசமி அன்று வைத்தார். அதில் தேறினால் தமிழ்ச்செல்வி. தேறாவிட்டால் தமிழ்ச்செல்வியின் கல்யாணத்தில் எனக்குப் பாயசம்.

முதல் நாள் ஆயுத பூஜை. சார் பூஜையையும் விமானச் சோதனையைப் போலவே செய்வார். ஒரு திருகாணி விடமாட்டார். வின்ச்சுக்கு ஒரு பொட்டு, டிராக்டருக்கு ஒரு பொட்டு, பாராசூட் பைகளுக்கு ஆளுக்கொன்று. எங்களிடம் இருந்த ஒரே இரட்டை இருக்கைக் கிளைடருக்குக் கடைசியில் வந்தார்.

"ஏர்பிரேக்கைத் திற தம்பி. உசிரைக் காப்பாத்துற சாமான். அதுக்குப் பூஜை பண்ணாம மூடி வச்சா எப்படி?"

திறந்தேன். எழுந்து நின்ற தகடுகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார். பக்கத்தில் இறக்கையின் மேல் ஒரு வெற்றிலை, அதன் மேல் ஒரு கொட்டைப்பாக்கு. இந்த இறக்கையில் ஒன்று, அந்த இறக்கையில் ஒன்று. கும்பிட்டோம். சுண்டல் தின்றோம்.

மறுநாள் காலை பூவையெல்லாம் எடுத்துத் துடைத்தோம். வலது இறக்கையில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. இடது இறக்கையில் வெற்றிலை மட்டும். சார் பாண்டியைப் பார்த்தார். பாண்டியின் வாய் எப்போதும்போலச் சிவந்திருந்தது.

"சாமிக்கு வச்ச பாக்கையுமா பாண்டி?"

"அய்யய்யோ, சத்தியமா நான் எடுக்கலை சார்! எங்கிட்டதான் சீவலே இருக்கே, அந்தக் கொட்டையை எவன் கடிப்பான்?"

எல்லோரும் சிரித்தோம். பாண்டியும் சிரித்தான். வெற்றிலை போடுகிறவன் ஒருவன் அருகில் இருந்தால், காணாமல்போன பாக்கைப் பற்றி உலகத்தில் யாரும் வேறு கேள்வி கேட்கமாட்டார்கள். ஏர்பிரேக்கைத் திறந்து மூடிப் பார்த்தேன். 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. சாரும் ஒருமுறை பார்த்தார். 'டக்'.

கிளம்பினோம். வின்ச் எங்களைச் சரசரவென்று மேலே இழுத்தது. நல்ல மேற்குக் காற்று. ஒரு பருந்து வட்டமிட்ட இடத்தில், சூடாகி மேலேறும் காற்றில், நாங்களும் வட்டமிட்டு ஏறினோம். பருந்து என் எடையைப் பார்த்துவிட்டு விலகிப் போனது. சார் கேட்டதையெல்லாம் செய்தேன். ஒரு தட்டுகூட விழவில்லை. காற்று எங்களை மைதானத்துக்குக் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்திருந்தது, ஆனால் உயரம் தாராளமாக இருந்தது. மனதுக்குள் பத்திரிகை அடித்து, சமையல்காரருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

"கடைசி ஐட்டம் தம்பி. வேகம் தொண்ணூறு. முழு ஏர்பிரேக். முள் அசையக் கூடாது."

லீவரின் பூட்டைத் தளர்த்தினேன். அந்த வேகத்தில் நாம் இழுக்கக்கூட வேண்டாம், மேலே ஓடும் காற்றே தகடுகளை உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். விட்டு விட்டுத் திறப்பதுதான் சாமர்த்தியம். தகடுகள் எழுந்தன. உடம்பு முழுக்க ஒரு உறுமல், நடுக்கம். மூக்கைத் தாழ்த்தினேன். வானம் மேலே ஓடி மறைந்து, கண் முன்னே வெறும் பூமி. இருக்கைப் பட்டையில் தொங்கினேன். முள் தொண்ணூறிலேயே ஆணி அடித்தாற்போல நின்றது. ஆகா, என்ன ஒரு சுகம் அது!

"நல்லது. மூடு."

தள்ளினேன். லீவர் பாதி வழி வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

பின் இருக்கையிலும் இதே போல ஒரு லீவர் உண்டு. இரண்டும் ஒரே கம்பியில் இணைந்தவை. அங்கே ஒருவர் பிடித்துக்கொண்டால் இங்கே நகராது. தேர்வுகளில் சார் இப்படிப் பிடித்துக்கொண்டு, மாணவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்தது.

"புரிஞ்சிருச்சு சார்" என்றேன், குறும்பாக.

"என்ன புரிஞ்சிருச்சு? மூடு தம்பி."

"நீங்க விட்டா மூடிருவேன் சார்."

"நான் எதை விடணும்? நீ விடு. வேடிக்கை காட்டினது போதும், மிஸ்டர்."

"நான் தள்ளிக்கிட்டுதான் இருக்கேன் சார். நீங்கதான் பிடிச்சிருக்கீங்க."

இப்படி இரண்டு பெரிய மனிதர்கள், ஆளுக்கொரு லீவரை ஆளுக்கொரு பக்கம் சந்தேகப்பட்டுக்கொண்டு, பூமியை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது என் இரண்டு காதுகளுக்கும் பக்கத்தில் இரண்டு கைகள் நீண்டன. வலது கையில் விசிறி. இடது கையில் ஒன்றும் இல்லை.

"என் ரெண்டு கையும் இங்க இருக்கு, ஐயா."

ஐயா! பாண்டியின் காய்ச்சல் நினைவுக்கு வந்தது.

"முழுசாத் திறந்து, திரும்ப மூடிப் பாருங்க."

திறந்தேன், திறந்தது. மூடினேன், அதே பாதியில் நின்றது. இன்னொரு முறை. அதே. ஒவ்வொரு முயற்சிக்கும் உயரத்தைக் காணிக்கையாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"போதும். இனி பாதி பிரேக்தான் நம்ம வண்டி. ஸ்டிக் உங்ககிட்டயே இருக்கட்டும். ரெண்டு பேரு பிடிச்சா ரெண்டு பேரும் போயிருவோம். லீவரை நான் முட்டிப் பாக்கறேன். மைதானத்துக்குப் போக முடியுமா?"

பார்த்தேன். மேற்கே, காற்றுக்கு எதிரே மைதானம். அதற்கு முன்னால் ஒரு காய்ந்த கண்மாய். கண்மாயின் கரை எங்கள் பக்கம், வரிசையாகப் பனை மரங்களோடு. பிரேக் மூடியிருந்தால் பாட்டுப் பாடிக்கொண்டு போயிருக்கலாம். பாதி பிரேக்கோடு மைதானம் கண் முன்னாலேயே முன்கண்ணாடியில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு இடம் கண்ணாடியில் மேலே ஏறினால், அங்கே நாம் போய்ச் சேரமாட்டோம் என்று அர்த்தம்.

"முடியாது சார். கண்மாய்க்குள்ள இறக்குறேன்."

"கரையைத் தாண்டணும்."

"தாண்டணும்."

இங்கேதான் கார்த்திகா, புத்தகத்தில் இல்லாத ஒன்று நடந்தது. என் வலது கை, என்னைக் கேட்காமல், ஸ்டிக்கை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. தரை கிட்ட வருகிறது, எதிரே பனை நிற்கிறது. மூக்கைத் தூக்கு தூக்கு என்று உடம்பு முழுக்கக் கதறுகிறது. தூக்கினால் கொஞ்ச நேரம் இதமாகத்தான் இருக்கும். காற்றின் இரைச்சல் அடங்கும். முள் எண்பத்தைந்துக்கு வந்தது. எண்பது. இறக்கை லேசாகச் சிலிர்த்தது. பிரேக் திறந்திருக்கும்போது அது வழக்கத்துக்கு முன்னாலேயே கைவிட்டுவிடும்.

உச்சந்தலையில் ஒரு தட்டு. இறகால் தொட்டதுபோல, அவ்வளவு மெல்ல.

"ஐயா. முள்."

மூக்கைத் தாழ்த்தினேன். பனை மரங்களை நோக்கியே தாழ்த்தினேன். இதைச் செய்யத்தான் இரண்டு வருடம் படித்திருக்கிறேன் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. நூறு. எதிர்காற்றில் கூடுதல் வேகம் இருந்தால்தான் முன்னே ஊடுருவும். அதோடு, வேகம் என்பது மடியில் முடிந்து வைத்திருக்கும் உயரம். வேண்டிய நேரத்தில் அவிழ்த்துக்கொள்ளலாம். கரை வந்தது. பனைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி. "இப்ப" என்றார் சார். நானும் அதே நேரத்தில் இழுத்தேன். கிளைடர் மடியை அவிழ்த்தது. வலது இறக்கைக்குக் கீழே ஒரு பனை மட்டை சரசரத்ததை என் கால் விரல்களால் கேட்டேன்.

கரை தாண்டியாச்சு! முள் சரிய, மறுபடி மூக்கைத் தாழ்த்தினேன். கண்மாய்க்குள் வெடித்த கரிசல் மண். அதன் நடுவில் ஆடுகள். தரையில் உருட்டி, லீவரை நெஞ்சு வரை இழுத்தேன். கடைசி வரை இழுத்தால் சக்கரத்தின் பிரேக்கும் பிடிக்கும். புழுதிக்குள் கடகடவென்று ஓடி நின்றோம். மூக்குக்கு நேர் எதிரே ஒரு கிடா நின்றது. நகரவில்லை. அதற்கும் ஏதோ தேர்வு போல.

புழுதி அடங்கியதும் ஆட்டுக்கார அம்மா கம்போடு வந்தார்.

"ஏப்பா, எண்ணெய் தீந்துபோச்சா?"

"இது எண்ணெய் ஊத்தாத வண்டிம்மா."

"பின்ன ஏன் இங்க வந்து விழுந்தீக? பிரேக்கு பிடிக்கலையா?"

"பிடிச்சிருச்சும்மா. விடமாட்டேங்குது."

அந்த அம்மா சாரைப் பார்த்தார். "பெரியவரே, இந்தப் புள்ளைக்குத் தலையில அடி பட்டிருச்சு போல."

சார் இறங்கி, நேரே இடது இறக்கைக்குப் போனார். தகட்டை ஏற்றி இறக்கும் கை ஒன்று, தகடு வந்து அடங்கும் இறக்கைப் பெட்டிக்குள் இருக்கிறது; நம் முழங்கை மாதிரி மடங்கும். அந்த மடிப்புக்குள் இரண்டு விரலை விட்டு நோண்டினார். வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கொட்டைப்பாக்கு. இரண்டு பக்கமும் நசுங்கி, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. முதல் நாள் உருண்டு பெட்டியின் மூலையில் போய்ப் படுத்திருக்கிறது. தரையில் எத்தனை 'டக்' போட்டும் அசையவில்லை. மேலே அந்த நடுக்கத்தில் எழுந்து, மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

 அவர் வைத்த பாக்கு. சந்தனக் கறை கூடப் போகவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"முதல்ல பாண்டிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

நான் மெல்ல ஆரம்பித்தேன். "சார், அந்தத் தேர்வு... முள் அசையக் கூடாதுன்னு சொன்னீங்க. எண்பதுக்குப் போயிருச்சு."

"போச்சு. நூறுக்கும் போச்சு."

"ஆமா சார்."

"நூறுக்கு ஏன் போனீங்க?"

"கரைக்கும் காத்துக்கும் சேத்து வச்சுக்கிட்டேன் சார்."

அவர் விசிறியால் தன் முகத்துக்கு வீசிக்கொண்டார். அந்த விசிறியை வீசுவதற்கு அவர் பயன்படுத்தி அன்றுதான் பார்த்தேன். "எண்பதுல என்னைக் கொல்லப் பாத்தீங்க. நூறுல காப்பாத்துனீங்க. மாணாக்கனுக்கு இது ரெண்டுமே தெரியாது. வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்கணும்." பிறகு கிடாவைத் தள்ளிவிட்டு நடந்தார். "மேலூருக்கு எப்பப் போகணும், மாப்ள?"

சங்கரலிங்கம் சார் என்னை மாப்ள என்றார்! கண்மாய்க்குள் நின்று நான் போட்ட கூச்சலில் அத்தனை நேரம் நகராத கிடா ஓடிவிட்டது.

ஐப்பசியில் நிச்சயம். சார் வெள்ளை வேட்டியில், விசிறியோடு வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றும் நேரத்தில், சட்டைப்பையில் கைவிட்டு, தட்டில் எதையோ வைத்தார். மாமா எடுத்துப் பார்த்தார்.

"என்ன சார், பாக்கு நசுங்கியிருக்கு?"

"பறந்த பாக்கு" என்றார் சார், மெல்லிய குரலில். "உங்க மருமகன்தான் இறக்கிக் கொண்டாந்தார்."

மறு வாரத்திலிருந்து மைதானத்தில், ஏர்பிரேக்கைத் திறந்து, பெட்டிக்குள் விரலை விட்டுத் தடவி, "பாக்கு பார்த்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேட்கும் வழக்கத்தைச் சாரே ஆரம்பித்தார். பதில் சொல்லும் முதல் உரிமை பாண்டிக்கு. ஆயுத பூஜை அன்று பாக்கை இறக்கையில் வைப்பதில்லை. பாண்டியின் கையில் கொடுத்துவிடுவோம்.

ஆக கார்த்திகா, உன் புது கிளைடரின் பீப் சத்தம் பூட்டு விழுந்ததா என்றுதான் பார்க்கும். எங்களுடையதும் அழகாகப் பூட்டிக்கொண்டதுதான். பெட்டிக்குள் என்ன படுத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வைப்பதும் எடுப்பதும் உன் இஷ்டம். விரலை மட்டும் விட்டுப் பார்த்துக்கொள்.

இன்னும் ரெண்டு பக்கம் எழுதலாம். அந்த மாதிரி நான் இறக்கிய வேறு கிளைடர்களைப் பற்றி, என்னைக் கண்டு ஒதுங்கிய வேறு பருந்துகளைப் பற்றி. ஆனால் தமிழ்ச்செல்வி ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். நான் ரொம்ப உயரத்துக்குப் போய்விட்டேன் என்று தோன்றினால், பூஜை அலமாரியிலிருந்து அந்தப் பாக்கை எடுத்து வந்து, சத்தமில்லாமல் என் முன்னால் வைத்துவிட்டுப் போவாள்.

இதோ, வைத்துவிட்டுப் போகிறாள். மூக்கைத் தாழ்த்துகிறேன்.